ரத்தத்துக்கு டியூஷன்

டேய், சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சிருங்கடா, நடுவுல சிரிச்சா எனக்குக் கோர்வ போயிரும். நீங்க இந்நேரம் எங்க இருப்பீங்கனு தெரியும். அதே டீக்கடை பெஞ்சு, ரெண்டாவது டீ, சீனி தூக்கலா, குடிச்சு முடிச்சதும் கிளாஸ் அடியில கரையாமக் கெடக்குற சீனியத் தட்டித் தட்டி வாயில விழ வச்சுக்கிட்டு இருப்பீங்க. உங்கள்ல ஒருத்தனாச்சும் ஒரு தடவ ரத்தம் குடுத்துப் பாத்திருக்கீங்களா, ஊசினா தெருமுனை வரைக்கும் ஓடுற பயலுகளா. நான் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கேன். மெடிக்கல் காலேஜு, பின்பக்கத்துக் கட்டடம், ஆராய்ச்சி லேபு வாசல்ல நீல பிளாஸ்டிக் சேரு, முழங்கை மடிப்புல பஞ்ச அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு. வெறும் வயித்துல மொத ரத்தம் எடுத்தாச்சு, டம்ளர் நெறைய குளுக்கோஸ் தண்ணி குடிச்சாச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டும் ஜாங்கிரி ஊறுன பாகு மாதிரிதான் இருந்துச்சு, தொண்டையில இன்னும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. இனிமே ரெண்டு மணி நேரம் நடக்கக் கூடாது, திங்கக் கூடாது, தூங்குனாத் தப்பில்ல, அப்புறம் ரெண்டாவது ரத்தம். பேசலாம்தான். ஆனா நான் பேச வேண்டியது இங்க சுத்தி உட்கார்ந்திருக்கற யாரு காதுலயும் விழக்கூடாத பேச்சு, அதனாலதான் உங்க எல்லாத்தையும் மனசுக்குள்ள கூப்பிட்டு வச்சிருக்கேன். வாங்க, உட்காருங்க, எடம் நெறைய இருக்கு, மூணு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் ரொம்பாத மண்டை இது.

நான் பார்டருடா. சுகர் இருக்குனும் சொல்ல முடியாது, இல்லைனும் சொல்ல முடியாது, வாசப்படியில நிக்குது, உள்ள வரவானு கேட்டுக்கிட்டு. என் வயசுக்கு எவனாச்சும் பார்டர்ல நிக்கிறானா, ராணுவத்துல நின்னா மெடல் குடுப்பாங்க, எனக்குக் கேப்பக்கூழ் குடுத்தாங்க. ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுல முகாம் போட்டப்ப சும்மா வெளையாட்டுக்கு விரல நீட்டுனேன், பாத்தா எனக்கும் இருக்கு, கருத்தப்பாண்டி அண்ணனுக்கும் இருக்கு, ஆப்பக்கடை லூர்தக்காவுக்கும் இருக்கு. முகாம் போட்டது ஹசீனா மேடம். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றவங்க, ஒல்லியா, கண்ணாடி மூக்கு நுனியில, பேசுனா அவங்க வீட்டு விசேஷத்தச் சொல்ற மாதிரி ரத்தத்தப் பத்திப் பேசுவாங்க. சுகர் ஒரே நாள்ல வர்றதில்லையாம். அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ளுக்குள்ள ஒரு புகைச்சல் ஆரம்பிச்சிருமாம், குப்பமேடு அடியில கனியிற மாதிரி, வெளிய தீ தெரியாது. அந்தப் புகைச்சலு ரத்தத்துல அனுப்புற சேதிக்குப் பேருதான் சைட்டோகைனு. ஒரு அணு இன்னொரு அணுவுக்குச் சொல்லிவிடுறது, இந்தா, இங்க சரியில்ல, ஆள அனுப்புனு. அது எவ்வளவு இருக்கும் மேடம்னு கேட்டேன். தெப்பக்குளம் நெறையத் தண்ணி விட்டு, அதுல ஒரு சிட்டிகை சீனியப் போட்டுக் கலக்குனா எவ்வளவு இனிக்கும், அவ்வளவுனாங்க. டேய், யோசிச்சுப் பாருங்கடா, அந்த இனிப்ப அவங்க கண்டுபிடிச்சு அளக்குறாங்க. நாம தெப்பக்குளத்துல விழுந்து கெடந்த ஆளையே தண்ணி வத்துன பிறகுதான் கண்டுபிடிச்சோம்.

அவங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். பார்டர்ல நிக்கிறவங்க ஆறு மாசம் ஒழுங்கா நடந்து, ஒழுங்காச் சாப்பிட்டா, அந்தப் புகைச்சல் அடங்குமா, அந்தச் சிட்டிகை இன்னும் கொறையுமா. ஆறு மாசத்துக்கு முந்தி ஒரு ரத்தம், இன்னைக்கு ஒரு ரத்தம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஆளச் சேத்து விட்டது நான். உனக்கு வாயி இருக்கு தம்பி, நீயே எல்லாரையும் பாத்துக்கனு மேடம் சொல்லி எனக்கு ஒரு பதவி குடுத்தாங்க, கோ-ஆர்டினேட்டர். எங்கம்மாகிட்டச் சொன்னேன், அது சம்பளம் இல்லாத வேலைக்கு இங்கிலீஷ் பேராப்பானு கேட்டுச்சு. கேட்கட்டும். காலேஜ விட்டு வந்த பிறகு என்ன யாரும் எதுவாவும் கூப்பிட்டதில்ல, டேய்னு கூப்பிடுவீங்க நீங்க, அம்புட்டுத்தான். அவங்க நேத்து வாட்ஸப்புல ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தாங்க, எல்லாருக்கும் போட்டுக் காட்டச் சொல்லி. எடுத்ததுமே, நம்ம கோ-ஆர்டினேட்டர் சோலைராஜ் இல்லாட்டி இது நடந்திருக்காது, எல்லாரும் வெறும் வயித்துல வாங்கனு இருந்துச்சு. அவ்வளவு கேட்டதும் எனக்குக் காது அடைச்சுப் போச்சுடா, சந்தோஷத்துல. நிப்பாட்டிட்டு ஸ்டாண்டுக்கு ஓடிப்போயி, வெறும் வயித்துல வரணுமாம்னு நானே வாயாலச் சொல்லிட்டேன். இப்பச் சேர்ல உட்கார்ந்ததும், எம்பேர இன்னொரு தடவ கேக்கலாமேனு காதுல மாட்டிக்கிட்டு மறுபடி போட்டேன். எம்பேருக்குப் பெறகும் வாய்ஸ் போகுது. ரெண்டு நாளைக்கு ஓட்டம், பாரம் தூக்குறது, உடம்ப முறிக்கிற வேலை எதுவும் கூடாது, தசை கடுமையா வேல செஞ்சா அதுவும் இதே சைட்டோகைனத்தான் ரத்தத்துல விடும், ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமப் போயிரும், தயவுசெஞ்சு யாராச்சும் அப்படி ஏதும் செஞ்சிருந்தா மொதல்லயே சொல்லிருங்க. தயவுசெஞ்சுனு சொன்ன எடத்துல அவங்க குரல் லேசாத் தழைஞ்சுச்சு. காதுல மாட்டுனதப் பிடுங்கி மடியில வச்சேன்.

ஏன்னா இன்னைக்கு விடியக்காலம் நத்தம் ரோட்டு மேம்பாலத்துல எல்லாரையும் நான் ஓட விட்டேன். சும்மா ஓட்டமில்ல, நாக்கு வெளிய வர்ற ஓட்டம். நீங்கதாண்டா இதுக்கு அர்த்தம் புரிஞ்சவங்க, பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடையில நின்னு மொத்த சிலபஸையும் மினி சைஸ்ல எடுத்துப் பாஸானவங்கதானே. நான் அந்த வித்தையில டாக்டர், பாஸாகலைங்கிறது வேற கத. ஸ்டாண்டுல எல்லாருக்கும் பயம், டெஸ்ட்ல மார்க்கு எறங்காமப் போயி மேடத்துக்கு மொகம் வாடிருமோனு. சுகர் நம்பர மார்க்குனுதான் சொல்றாங்கடா, போன தடவ உனக்கு எத்தன மார்க்குனு கேட்டுக்கிறாங்க. கருத்தப்பாண்டி அண்ணன்தான் ஆரம்பிச்சாரு, மாப்ள, கடைசி நேரத்துல ஏதாச்சும் செஞ்சு எறக்க முடியாதான்னு. நான் எறக்கலாம்ணே, ரத்தத்துக்கு ஒருநா டியூஷன் வச்சிருவோம்னேன். கேட்டதும் எல்லாரும் ஒரே கும்மாளம். விடியுறதுக்குள்ள பாலத்துக்கு வந்துட்டாங்க, ஒருத்தர் பாக்கியில்லாம. லூர்தக்கா மகனோட கேன்வாஸ் ஷூவப் போட்டுக்கிட்டு, சேலையத் தூக்கி இடுப்புல செருகிக்கிட்டு, மொதல்ல வெக்கப்பட்டு, பாதிப் பாலத்துல வெக்கத்த விட்டுட்டு, நான் வயசுப் பிள்ளையில இப்படி ஓடுனதில்ல தம்பினு மூச்சு வாங்கச் சிரிச்சுச்சு. நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கத்திக்கிட்டே இருந்தேன். எறக்கத்துல கருத்தப்பாண்டி அண்ணன் கைப்பிடிச் சுவத்தப் பிடிச்சுக் குனிஞ்சு மஞ்சளா வாந்தி எடுத்தாரு, வெறும் வயிறுல்ல. எடுத்துட்டு, துண்டால வாயத் தொடச்சுட்டு, கெட்டதெல்லாம் போயிருச்சு மாப்ள, வானு திரும்ப ஓடுனாரு. அந்த மனுசன இப்பப் பாருங்கடா, எனக்கு எதுத்தாப்புல, செவுத்துல தலையச் சாச்சுத் தூங்குறாரு. தொடை தானாத் துடிக்குது. அந்தத் தொடைக்குள்ள இருந்துதான் இந்நேரம் தபால் தபாலாப் போய்க்கிட்டு இருக்கும், ரத்தத்துக்கு.

அத நெனச்சாலும் பிரமிப்பாத்தாண்டா இருக்கு. ஒரே தபால்காரன். தொப்பைக்குள்ள புகைஞ்சா அந்தத் துக்கச் சேதியையும் அவன்தான் கொண்டு போறான், தொட ஓடிக் களைச்சா அந்தச் சேதியையும் அவன்தான் கொண்டு போறான், மேடம் உட்கார்ந்து எண்ணுறது எத்தன தபால்காரன் தெருவுல நிக்கிறான்கிறத மட்டும்தான், பையப் பிரிச்சுப் பாக்க முடியாது. அப்ப என்ன ஆகும். ஆறு மாசத்துக்கு முந்தி கொஞ்சப் பேரு நின்னான், இப்பத் தெரு நெறைய நிக்கிறான். அப்படின்னா ஆறு மாசம் ஒழுங்கா இருந்ததுல புகைச்சல் ஜாஸ்தியாயிருச்சுனு ஆகும். மேடம் அதத்தான் எழுதுவாங்க, எண்ணு என்ன சொல்லுதோ அத எழுதுற ஆளு அவங்க, தனக்குச் சாதகமா ஒரு புள்ளிய நகட்ட மாட்டாங்க. லூர்தக்கா சாயங்காலமானா கடையில ஆப்பம் சுடுது, வடை போடுது, ஆறு மாசமா ஒண்ணத் தொடல. உப்புப் பாக்குறதுக்குக் கூட வாயில வைக்காம, மாவ மோந்து பாத்தே உப்புச் சொல்லப் பழகிருச்சு. மொத வாரம் கை நடுங்குச்சு தம்பி, எண்ணெச் சட்டியில இருந்து எடுத்து இலையில வைக்கும்போது தன்னால வாய்க்குத்தான் போச்சுனு சொல்லுச்சு. கருத்தப்பாண்டி அண்ணன் சவாரி முடிஞ்சா ஆட்டோவ வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டுன ஆளு, இப்ப வண்டிய மெயின் ரோட்டுலயே போட்டுட்டு நடந்து போறாரு, புரோட்டாக் கடையத் தாண்டுறப்ப மட்டும் எதுத்த பக்கம் மாறி நடக்குறாரு. இவங்க கோயிலுக்கு மால போட்டுக்கூட ஒரு விரதம் முழுசா இருந்ததில்லடா. அந்த ஆறு மாசத்துக்கு ஒரு விடியக்காலத்து ஓட்டம் பொய்ச் சாட்சி சொல்லப் போகுது. ஓட விட்டவன் பேரு கோ-ஆர்டினேட்டர்.

சரி, சொல்லிட்டாப் போச்சு. எந்திரிச்சுப் போயி, மேடம், ஒரு விஷயம். அவ்வளவுதானே. எத்தன வாத்தியார்கிட்ட எத்தன கத விட்டிருக்கேன், உண்மையச் சொல்றதுக்கா வாயி வராது. வரலடா. காலையில வாசல்ல வச்சு மேடம் ஒவ்வொருத்தரா நிப்பாட்டிக் கேட்டாங்க, காய்ச்சல் இருக்கா, புண்ணு இருக்கா, பல்லு வலிக்குதா, ஓடுனீங்களா, பாரம் தூக்குனீங்களான்னு. எல்லாரும் இல்லைனாங்க. நான்தான் சொல்லி வச்சிருந்தேன், ஓடுனத மூச்சு விடக்கூடாது, மார்க்கு வந்த பிறகு சொல்லி மேடத்த அசத்துவோம்னு. லூர்தக்காவுக்குப் பொய் வராது, தலையக் குனிஞ்சுக்கிட்டு, சும்மாத்தான் வந்தோம் மேடம்னு மாத்திச் சொல்லுச்சு, சொல்லிட்டு என்னத்தான் பாத்துச்சு. மேடம் நம்பிட்டாங்க. ஆறு மாசமாப் பழகுன மனுசங்கள எதுக்குச் சந்தேகப்படணும். இப்ப நான் போயிச் சொன்னா இத்தன பேரையும் அவங்க முன்னாடி பொய்க்காரங்களா நிக்க வைக்கணும். சொல்லாட்டி, மேடத்தப் பொய்க்காரியா ஆக்கணும், அதுவும் அவங்களுக்கே தெரியாம. எந்தப் பக்கம் போனாலும் நடுவுல நான்தான் நிக்கிறேன். அப்பா ஞாபகம் வேற வருது. அவருக்கு எடது கால்ல ரெண்டு விரலு கெடையாது, சுகர்ல எடுத்தது, செருப்பு நடக்க நடக்கக் கழண்டுக்கிட்டே போகும், நின்னு நின்னு மாட்டுவாரு. நான் சின்னப் பிள்ளையில அதப் பாத்துச் சிரிச்சிருக்கேன். அவருக்குப் பார்டர்னு ஒண்ணு இருந்திருக்கும்ல, ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, வாசப்படியில நின்னுருக்கும்ல, அன்னைக்கு இந்த மாதிரி ஒரு பொம்பள வந்து, இந்தாங்க அண்ணே, உள்ள புகையுது, இப்ப நடந்தா அடங்கும்னு நம்பரக் காட்டிச் சொல்லியிருந்தா. அதச் சொல்றதுக்குத்தானே இவங்க நம்பரத் தேடுறாங்க. எவனோ ஒருத்தன், எனக்குத் தெரியாத ஊர்ல, நாளைக்கு இதப் படிச்சுட்டு, நடந்து பிரயோஜனமில்லையாமேனு செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்துருவான்.

உள்ள மிசினு சுத்துற சத்தம் கேக்குது. எங்க ரத்தம்தான் சுத்துது, செவப்பு அடியில எறங்கி மேல மஞ்சத் தண்ணி நிக்கும், அதுலதான் சேதி இருக்கும். கண்ணாடிக் கதவு வழியா மேடம் தெரியிறாங்க, குழாய வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறாங்க, கழுத்தச் சாச்சு, எங்கம்மா அரிசியில கல்லுப் பாக்குற மாதிரி. டேய், இவங்கள உங்களுக்குத் தெரியாது. மழ பேஞ்ச அன்னைக்கு இந்தக் கட்டடத்துல கரண்டு போயி, ஜெனரேட்டரும் ஓடாம, எங்க பழைய ரத்தம் இருந்த ஐஸ் பெட்டி உருகப் பாத்துச்சாம். இவங்க ஐஸ அள்ளிப் போட்டுப் பெட்டியோட நெஞ்சுல கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மழையில, முன்பக்கத்துக் கட்டடம் வரைக்கும் நடந்தே போயிருக்காங்க, அங்க வேற டிபார்ட்மெண்டு ஆளுக எடமில்லைனு சொன்னதுக்கு, எடம் வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பேன்னு சொட்டச் சொட்ட நின்னு, வாங்கி வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்காங்க. மறுநா ஸ்டாண்டுக்கு வந்து தும்மிக்கிட்டே சொன்னாங்க, உங்க எல்லாரையும் நேத்து நான் தூக்கிக்கிட்டுப் போனேன்னு. கருத்தப்பாண்டி அண்ணன் என்னையவுமா, நான் வெயிட்டாச்சேன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நான் சிரிச்சு முடிச்சுட்டு ஆட்டோ மறைவுல போயி கொஞ்ச நேரம் நின்னேன். எங்கப்பா செத்ததுக்கு அப்புறம் என்னோட எதையும் யாரும் அப்படித் தூக்கிக்கிட்டு நடந்ததில்ல.

கதவு தெறக்குது. மேடம் வெளிய வந்து, கையில ஒரு அட்டப் பெட்டி, எல்லாருக்கும் காட்டுறாங்க. இதான் அந்த பிளேட்டாம். வெளிநாட்டுல இருந்து வந்தது, ஒண்ணுதான் வந்திருக்கு. பணியாரக் கல்லு மாதிரி குழி குழியா இருக்குமாம், ஒவ்வொரு குழியிலயும் ஒருத்தரோட சேதி, ஒருதரம் உறையப் பிரிச்சு ஊத்திட்டாத் திரும்ப மூட முடியாதாம். ரெண்டாவது ரத்தம் எடுத்ததும் பிரிக்கப் போறேன்னு சொல்லும்போது அவங்க மொகத்த நீங்க பாத்திருக்கணும்டா, பொங்கப் பான பொங்குறதுக்குக் காத்திருக்கற மொகம். லூர்தக்கா எட்டிப் பாத்து, பணியாரக் கல்லுனா எண்ணெ தடவணுமேனு கேக்குது. எல்லாரும் சிரிக்கிறாங்க. அக்கா சிரிக்கும்போதே முழங்கால நீவிக்கிடுது, யாரும் பாக்கலைனு நெனச்சு, வலியில ஒரு பக்கத்து உதடு மட்டும் இழுக்குது. நான் பாத்தேன். இன்னும் எவ்வளவு நேரம் இருக்குனு கடிகாரத்தப் பாக்குறேன், அப்புறம் பாக்கலைனு வச்சுக்கிறேன், அப்புறம் பாக்குறேன். பேசாம அடுத்த வாரம் சொல்லிக்கலாமா. அடுத்த வாரம் பிளேட்டு இருக்காது. வாட்ஸப்புல அனுப்பிட்டு எந்திரிச்சு ஓடிரலாமா, நடக்கக் கூடாதுனுதானே சொன்னாங்க. பாருங்க, இப்பவும் ஜோக்குதான் வருது. பரீட்ச ஹால்ல கேள்வித்தாளக் குடுத்ததும் எனக்கு இப்படித்தான் வரும், பக்கத்துல இருக்கவன சிரிக்க வச்சுட்டு வெறும் பேப்பரக் குடுத்துட்டு வந்துருவேன். வெறும் பேப்பரு குடுத்தா என்னோட மட்டும் போச்சு. இது அப்படியில்ல. இது அடுத்தவன் பேப்பர்ல நான் எழுதி வச்சது.

சோலை, நீதான் மொத ஆளு, வாப்பானு கூப்பிடுறாங்க. எந்திரிக்கிறேன். வராண்டாவுலயே போட்டிருந்த மேசைக்கு முன்னாடி உட்கார்றேன், மேடம் எதுத்தாப்புல உட்கார்ந்து கையில ரப்பர் ட்யூப இறுக்கிக் கட்டுறாங்க, நரம்பு பொடைச்சுக்கிட்டு வருது, ஸ்பிரிட்டு பஞ்சு ஜில்லுனு படுது. என்ன, இன்னைக்கு உன் வாயி கம்முனு இருக்குனு கேட்டாங்க. எல்லாரும் ஓடுனாங்க மேடம்னு சொன்னேன். நான் சொன்னது எனக்கே கேக்கல, திரும்பவும் சொன்னேன். இன்னைக்குக் காலையில, மேம்பாலத்துல, இந்த மொனையில இருந்து அந்த மொன வரைக்கும், நான்தான் ஓட விட்டேன், உங்க வாய்ஸ முழுசாக் கேக்கல, சொல்லக் கூடாதுனும் நான்தான் சொல்லி வச்சேன். அவங்க ஊசிய ட்ரேயில வச்சாங்க. ரப்பர் ட்யூப அவுத்து விட்டாங்க, கை முழுக்க ரத்தம் திரும்ப ஓடுனது தெரிஞ்சுச்சு. திட்டல. கண்ணாடியக் கழட்டி, துப்பட்டா நுனியால தொடச்சு, தொடச்சதையே திரும்பத் தொடச்சு, அப்புறம் உள்ள வேல பாக்குற லேபு ஆளப் பாத்து, பிளேட்டப் பிரிச்சிராதீங்கனு குரல் குடுத்தாங்க. லூர்தக்கா எந்திரிச்சு வந்து கையப் பெசைஞ்சுக்கிட்டு நிக்குது, மேடம், உங்க மொகம் வாடக்கூடாதுனுதான், எங்களுக்கு விவரம் தெரியலனு சொல்லுது. மேடம் அக்கா கையப் பிடிச்சுக்கிட்டாங்க. நீங்க ஆறு மாசம் செஞ்சது உங்க உடம்புல இருக்குக்கா, அத யாரும் எடுக்க முடியாது, ஒரு வாரம் சும்மா இருந்துட்டுத் திரும்ப வருவீங்களா, திரும்பவும் வெறும் வயித்துல வரணும்னு கேட்டாங்க. கருத்தப்பாண்டி அண்ணன் முழிச்சுட்டாரு, வராம இருப்போமா, ஆட்டோவுலயே கூட்டியாந்துர்றேன், யாரையும் நடக்கக் கூட விடமாட்டேன்னாரு. மேடத்துக்கு லேசாச் சிரிப்பு வந்துச்சு. அந்தச் சிரிப்போடயே எம்பக்கம் திரும்பி, உன்னோட ட்யூபையும் எடுத்து ஓரமா வைக்கணும்ல, அதுக்காகக் கேக்குறேன், நீ எவ்வளவு தூரம் ஓடுனனு கேட்டாங்க. பேனாவத் தெறந்து வச்சிருந்தாங்க. எல்லாரும் என்னப் பாத்தாங்க, லூர்தக்கா மட்டும் எனக்காகத் தரையப் பாத்துச்சு.

"நான் ஓடல மேடம். ஸ்கூட்டர்ல உட்கார்ந்துக்கிட்டுப் பின்னாடியே வந்தேன்."